உங்களுக்குத் தெரியுமா? சில பைசாவுக்குச் சாமி படம்

இன்று வீட்டுச் சுவரிலும் கடைக் கல்லாவுக்கு மேலும் பேருந்து ஓட்டுநரின் தலைக்கு மேலும் சாமி படம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. பலரும் தெய்வத்தைக் காணக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். கோயிலுக்குள் நுழைய விடப்படாதவர்களுக்கு அதற்கும் வழி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழை வீட்டுக்கும் தெய்வத்தை வரவழைத்தவர்கள், கோயில் வாசலிலும் ஊர்த் தெருவிலும் உட்கார்ந்து வரைந்த நாட்டுப்புற ஓவியர்கள். பெரும்பாலோர் தங்கள் படத்தில் கையெழுத்துகூடப் போடவில்லை. அவர்கள் கைவண்ணத்தைப் பற்றிய செய்திகள் இவை.

காளி கோயில் வாசலில்

கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) ஆதி கங்கைக் கரையில் இருக்கிறது காளிகாட் கோயில். சதிதேவியின் வலக்கால் விரல் விழுந்த சக்தி பீடம் என்பது பக்தர்களின் நம்பிக்கை. இப்போதுள்ள கோயில் 1809-ல் கட்டி முடிக்கப்பட்டது. யாத்ரீகர் கூட்டம் பெருகவே மேதினிபூர், 24 பர்கானா முதலிய மாவட்டங்களிலிருந்து பட்டுவா எனப்படும் ஓவியக் குடும்பங்கள் வந்து கோயிலைச் சுற்றிக் குடியேறின. ஊர் திரும்பும் பக்தர்கள் கையோடு கொண்டுபோகச் சில பைசாவுக்குப் படம் வரைந்து விற்றன. ஏறத்தாழ 1830 முதல் 1930 வரை, ஒரு நூற்றாண்டு தழைத்த இக்கலைக்குக் காளிகாட் ஓவியம் என்று பெயர்.

சுருள் போய் ஒற்றைத் தாள்

கிராமத்தில் இருந்தவரை பட்டுவாக்கள் நீளமான சுருள்களில் கதை வரைந்தார்கள். வீட்டு வாசலில் நின்று, சுருளைக் கட்டம் கட்டமாக அவிழ்த்துக்கொண்டே கதையைப் பாடுவார்கள். கல்கத்தாவில் வாங்க வந்தவர்களுக்குக் கதை கேட்க நேரமில்லை. ஆகவே முழுக் கதையும் ஒரே காட்சிக்குள் அடங்க வேண்டியதாயிற்று. ஆலையில் செய்த மலிவான தாள், சுமார் 45 சென்டிமீட்டர் உயரம், 28 சென்டிமீட்டர் அகலம். மரமில்லை, மலையில்லை, மாளிகையில்லை. வெறும் தாளின் நடுவே தெய்வம் மட்டும். இந்த வெறுமைதான் காளிகாட் ஓவியத்தை நூறு படங்களுக்கு நடுவிலும் அடையாளம் காட்டும்.

வீடே பட்டறை

ஒரு காளிகாட் படம் பெரும்பாலும் ஒருவர் கையில் உருவானதல்ல. கைதேர்ந்தவர் ஒரே இழுப்பில் உருவக்கோட்டை வரைவார். அடுத்தவர் உடம்புக்கு நிறம் தீட்டுவார். இன்னொருவர் விளிம்பை ஒட்டி நிழல் கொடுத்து, கைக்கும் கன்னத்துக்கும் திரட்சி சேர்ப்பார். நிறம் குழைப்பதிலும் தீட்டுவதிலும் வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது. விளக்குக் கரியில் கறுப்பு, மஞ்சளில் மஞ்சள், அவுரியில் நீலம் என்று தொடங்கியவர்கள், கடைகளில் இங்கிலாந்து நீர்வண்ணங்கள் மலிவாகக் கிடைத்ததும் அவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அணில் முடியிலும் ஆட்டு முடியிலும் கட்டிய தூரிகைகள் அவர்களுடையவை.

அந்தப் பளபளப்பு வெள்ளியல்ல

காளியின் கழுத்தணியும் துர்க்கையின் கிரீடமும் சாம்பல் கலந்த வெள்ளி நிறத்தில் மின்னும். அது வெள்ளியல்ல, வெள்ளீயம். வெள்ளீயத்தை நுண்துகளாக்கிப் பசையில் கரைத்து, நகைகளின் மீது மெல்லிய கோடாகவும் புள்ளியாகவும் வைத்தார்கள். சில பைசா விலையிலும் அம்மனுக்கு நகை போடாமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

கார்த்திகேயனுக்கு ஆல்பர்ட் கிராப்பு

நம் முருகனை வங்காளத்தில் கார்த்திக் என்பார்கள். வள்ளி, தெய்வானை இல்லை. மணமாகாத இளைஞனாகவே அங்கே பலரும் அவரை வணங்குகிறார்கள். காளிகாட் ஓவியர்கள் இந்த அழகனை அக்காலக் கல்கத்தாவின் பணக்கார வாலிபனாக, அதாவது பாபுவாக, மாற்றிவிட்டார்கள். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் பாணியில் வகிடெடுத்து வாரிய தலைமுடி, மெல்லிய மீசை, கொசுவம் வைத்த வேட்டி, காலில் பக்கிள் வைத்த ஷூ. மயில் மட்டும் மாறவில்லை. தெரு நாகரிகம் தெய்வத்தின் உடைக்குள் இத்தனை வேகமாக நுழைந்த இடம் இந்திய ஓவியத்தில் வேறு அதிகமில்லை.

சிவன் ஒரு குடும்பத் தலைவர்

வங்காளத்தில் துர்க்கை ஆண்டுதோறும் பிள்ளைகளோடு பிறந்தகம் வரும் மகள். சிவன் அந்த வீட்டு மாப்பிள்ளை. ஆகவே காளிகாட் சிவனுக்குத் தொந்தி உண்டு, அரைக்கண் மயக்கம் உண்டு, இடுப்பில் நழுவும் புலித்தோல் உண்டு. பார்வதியின் மடியில் கைக்குழந்தையாகப் பிள்ளையார் இருப்பார். அதே ஓவியர்கள் சதியின் உடலைத் தோளில் சுமந்து துயரத்தில் நடக்கும் சிவனையும் வரைந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவர்களின் ஆழம் புரியும். வாங்குபவர் வீட்டில் நடக்கும் இன்பமும் துன்பமும் தெய்வத்தின் வீட்டிலும் நடந்தன.

கருவறையின் அதே முகம்

காளிகாட் கருவறைக் காளி மற்றக் கோயில் காளிகளைப் போல் இருக்கமாட்டாள். கருங்கல் முகம், அகன்ற மூன்று கண்கள், நீண்டு தொங்கும் பொன் நாக்கு, நான்கு பொன் கைகள். ஓவியர்கள் இந்த உருவத்தை அப்படியே தாளில் இறக்கினார்கள். கூட்ட நெரிசலில் ஒரு கணம் மட்டும் தரிசனம் கிடைத்த கிராமத்துப் பெண், ஊர் திரும்பிய பிறகும் அதே முகத்தைத் தினமும் பார்க்க முடிந்தது.

யானையை விழுங்கும் தேவி, இலங்கைக் கடலில்

தாமரையில் அமர்ந்த இளம்பெண் ஒரு யானையைக் கையில் தூக்கி விழுங்குகிறாள், பிறகு உமிழ்கிறாள். கமலே காமினி என்ற இந்தக் காட்சி காளிகாட் ஓவியர்களுக்கு மிகவும் பிடித்தது. கதை, 16-ஆம் நூற்றாண்டில் முகுந்தராம் சக்கரவர்த்தி பாடிய சண்டீமங்கலத்தில் வருகிறது. வணிகன் தனபதி கப்பலில் சிங்களத்துக்குப் போகும் வழியில் நடுக்கடலில் இதைக் காண்கிறான். சிங்கள மன்னனிடம் சொன்னவன் அதைத் திரும்பக் காட்ட முடியாமல் சிறைப்படுகிறான். பின்னாளில் அவன் மகன் ஸ்ரீமந்தனும் அதே கடலில் அதே தேவியைக் காண்கிறான். இலங்கை என்றால் ராவணனை மட்டுமே நினைக்கும் நமக்கு, வங்காளத்து வணிகர்களின் இந்த இலங்கை புதியது.

பூனைக்கு நாமம்

நெற்றியில் வைணவத் திலகம், வாயில் கவ்விய இறால் அல்லது மீன். காளிகாட் ஓவியங்களில் புகழ்பெற்ற இந்தப் பூனை, ஊரை ஏமாற்றும் போலிச் சாமியாரைக் குறிக்கிறது. தெய்வத்தை விற்றுப் பிழைத்த ஓவியர்களே தெய்வத்தின் பெயரால் ஏமாற்றுபவர்களைக் கண்டித்தார்கள். 1873-ல் தாரகேஸ்வர் சிவன் கோயிலின் தலைவரான மகந்த் ஒருவரின் தவறான உறவும் அதையொட்டி எலோகேசி என்ற இளம்பெண் கணவனால் கொல்லப்பட்டதும் வங்காளத்தையே உலுக்கின. மகந்த் சிறை சென்றார். பட்டுவாக்கள் கோயில் சந்திப்பு, கொலை, நீதிமன்றம், சிறை என்று அந்த நிகழ்ச்சியைத் தொடர் படங்களாகவே வரைந்து விற்றார்கள்.

இரு மதத்துக்கும் சொந்தக்காரர்கள்

பட்டுவாக்களில் பல குடும்பங்கள் இஸ்லாமிய முறைப்படி மணம் முடித்து, இறந்தோரை அடக்கம் செய்பவை. அவர்களே தலைமுறை தலைமுறையாக ராமனையும் மனசா தேவியையும் துர்க்கையையும் வரைந்து பாடி வந்திருக்கிறார்கள்; காஜி பீர் என்ற இஸ்லாமிய ஞானியின் கதைகளையும் வரைந்தார்கள். சித்திரகர் என்பது அவர்கள் பெயரோடு சேரும் தொழிற்பெயர். மேற்கு மேதினிபூரின் பிங்கலா வட்டாரத்தில் உள்ள நயா கிராமத்துக்கு இன்று போனாலும், சித்திரகர் வீட்டு வாசலில் சாமி கதையைப் பாடக் கேட்கலாம்.

கடைசிக் கட்டம் யமனுக்கு

வங்காளச் சுருள்களில் பலவற்றின் முடிவில் யமனின் சபை வரும். பொய்ச் சாட்சி சொன்னவனுக்கும் பிறர் பொருளைத் திருடியவனுக்கும் என்ன தண்டனை என்பதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டுத்தான் பாடகர் சுருளைச் சுருட்டுவார். இந்த வழக்கம் மிகப் பழையது. 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில், கடைத்தெருவில் யமபடத்தை விரித்துக் காட்டும் ஒருவன் வருகிறான். முத்ராராட்சச நாடகத்தில் சாணக்கியனின் ஒற்றன் யமபடக்காரனாக வேடமிட்டு வீடு வீடாக நுழைகிறான்.

மண்சுவரில் ஒட்டிய படம்

1832-ல் திருமதி பெல்னோஸ் என்ற ஓவியர் வங்காள வாழ்க்கையைப் பற்றி 24 படங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். அதில் ஒரு குடிசையின் உட்புறக் காட்சியில், சுவரில் இத்தகைய படம் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். சட்டமில்லை, கண்ணாடியில்லை. மழைக்கும் புகைக்கும் பூச்சிக்கும் இரையாகி, படம் கிழிந்ததும் அடுத்த திருவிழாவில் புதியது வரும். ஆயிரக்கணக்கில் வரைந்தும் வங்க வீடுகளில் அன்றைய படங்கள் தங்காமல் போனதற்கு இதுவே காரணம்.

கிப்ளிங் கொடுத்த 233

ஜங்கிள் புக் எழுதிய ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை ஜான் லாக்வுட் கிப்ளிங், பம்பாயிலும் லாகூரிலும் கலைப்பள்ளி ஆசிரியர். அவர் காளிகாட் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1917-ல் மகன் அவற்றில் 233 படங்களை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கே இன்று 645 காளிகாட் ஓவியங்கள் இருக்கின்றன. உலகின் மிகப் பெரிய தொகுப்பு அதுதான். பிராகிலும் மாஸ்கோவிலும்கூடத் தொகுப்புகள் உண்டு. 2011-ல் லண்டன் தொகுப்பின் ஒரு பகுதி கண்காட்சிக்காகக் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு வந்தது. கோயில் வாசலில் சில பைசாவுக்குப் போன காளி, தான் பிறந்த ஊரைப் பார்க்கக் காப்பீட்டோடும் காவலோடும் வர வேண்டியிருந்தது.

பெயர் தெரிந்த இருவர்

நிபாரண் சந்திர கோஷ், காளிசரண் கோஷ். காளிகாட் ஓவியர்களில் பெயர் நிலைத்த மிகச் சிலரில் இவர்கள் இருவர். அந்த மரபின் கடைசித் தலைமுறை. அஜித் கோஷ் 1926-ல் ரூபம் இதழில் எழுதிய கட்டுரையும், ஓவியர் முகுல் தேவ் 1932-ல் எழுதிய கட்டுரையும் படித்தவர்களின் கவனத்தை இந்தப் படங்கள்பால் திருப்பின. அதற்குள் கோயிலைச் சுற்றியிருந்த பட்டறைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன.

ஜாமினி ராய் திரும்பிய திசை

பாங்குரா மாவட்டத்துப் பேலியாதோரில் 1887-ல் பிறந்த ஜாமினி ராய், ஐரோப்பிய பாணியில் உருவப்படம் வரைந்து நன்றாகச் சம்பாதித்தவர். 1920-களில் அதை விட்டுவிட்டுக் காளிகாட் கோட்டையும் கிராமத்துச் சுருளையும் தேடிப் போனார். தடித்த கோடு, தட்டையான நிறம், அகன்ற கண் என்று இந்திய நவீன ஓவியத்துக்கு அவர் அமைத்த மொழி பட்டுவாக்களிடம் கற்றது. அவருடைய படைப்புகளை இந்திய அரசு 1976-ல் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. இந்தியாவில் உள்ள அவர் படங்களை நாட்டுக்கு வெளியே விற்க முடியாது.

சாமிக்குக் காய்ச்சல், படத்துக்குப் பூஜை

ஒடிசாவின் பூரியில் ஜேஷ்ட மாதப் பௌர்ணமியன்று ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் 108 குடம் நீராட்டு. அதன்பின் மூவரும் காய்ச்சலில் படுத்துவிடுவதாக ஐதீகம். பதினைந்து நாட்கள் தரிசனம் கிடையாது. அந்த நாட்களில் பூஜை பெறுபவை, சித்திரகாரர்கள் துணியில் வரைந்து தரும் அனசரப் படங்கள். புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசித் தோல்போல் ஆக்கிய துணி. சங்கை அரைத்த வெள்ளை, இங்குலிகச் சிவப்பு, அரிதார மஞ்சள். ஓவியருக்குக் கோயில் இத்தனை உரிமை தந்த இடம் அபூர்வம். இதே குடும்பங்கள் யாத்ரீகர்களுக்குச் சிறு படங்களும் வரைந்து விற்றன. அருகிலுள்ள ரகுராஜ்பூர் கிராமத்தில் இன்றும் வீட்டுக்கு வீடு இந்த வேலை நடக்கிறது.

சீட்டுக்கட்டில் தசாவதாரம்

வங்காளத்தின் பிஷ்ணுபூரில் விளையாட்டுச் சீட்டிலும் பெருமாள் உண்டு. தசாவதாரச் சீட்டுக்கட்டில் பத்து அவதாரங்களுக்குப் பத்து வரிசை, வரிசைக்கு 12 சீட்டு, மொத்தம் 120 வட்டச் சீட்டுகள். துணியை அடுக்காக ஒட்டி, பசை பூசி, தேய்த்து, ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டது. ஒன்பதாவது அவதாரத்தின் இடத்தில் ஜகந்நாதர் இருப்பார்.

கண் திறந்தால் கோயில்

ராஜஸ்தானின் பாபூஜி, ஆநிரை காக்க உயிர் கொடுத்த வீரர். லட்சுமணனின் அவதாரம் என்று வணங்கப்படுபவர். அவர் கதை முழுவதையும் 15 அடிக்கும் நீளமான துணியில் வரைவார்கள். இது பட் எனப்படும். பில்வாரா, ஷாபுரா ஊர்களின் ஜோஷி குடும்பங்கள் வரைந்து தரும். எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் பாபூஜியின் கண்மணி வைக்கப்படும். அந்தக் கணத்திலிருந்து அது கோயில். போபா என்ற பூசாரிப் பாடகர் இரவில் அதை விரித்து ராவணஹத்தா வாசித்துப் பாடுவார். மனைவி விளக்கைத் தூக்கி அந்தந்தக் காட்சிக்கு ஒளி காட்டுவார். நைந்துபோன படத்தைக் குப்பையில் போடுவதில்லை. புஷ்கர் ஏரியில் முறைப்படி கரைத்துவிடுவார்கள்.

கோயில் மறுத்தவர்கள் கட்டிய கோயில்

குஜராத்தில் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத வாகரி சமூகத்தினர் ஒரு வழி கண்டார்கள். துணியிலேயே கோபுரமும் மண்டபமும் வரைந்து, நடுவில் அம்மனை அமர்த்தினார்கள். நான்கு துணிகளைக் கட்டினால் கருவறை. மேலே ஒன்று விரித்தால் விதானம். மாதா நி பசேடி என்ற இந்தத் துணிகளில் மரபாகச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை மட்டுமே. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் கறுப்பைத் தரும். சபர்மதியின் ஓடும் நீரில் அலசுவார்கள். கதவை அடைத்தவர்களிடம் கெஞ்சாமல், தெய்வத்தைத் தாங்களே வரைந்துகொண்ட இந்த மக்களின் துணிவு இந்திய ஓவிய வரலாற்றில் பெரிய எழுத்தில் பதிய வேண்டியது.

ஸ்ரீநாத்ஜிக்குப் பருவந்தோறும் திரை

கோவர்த்தனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட, ஸ்ரீநாத்ஜி எனப்படும் கண்ணன் திருவுருவம் 1672-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் நிலைபெற்றது. மூர்த்திக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை, பருவத்துக்கும் விழாவுக்கும் ஏற்ப மாறும். மழைக்கால மேகம், சரத் காலப் பௌர்ணமி, அன்னகூட விருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஓவியம். கேமரா வந்ததும் இவ்வூர் ஓவியர்கள் ஒரு புது வழி கண்டார்கள். பக்தரின் புகைப்பட முகத்தை வெட்டி ஒட்டி, உடலையும் உடையையும் வண்ணத்தில் தீட்டி, அவரை ஸ்ரீநாத்ஜியின் பக்கத்தில் கைகூப்பி நிற்க வைத்தார்கள்.

முதுகோடு முதுகு ஒட்டிய கதை

மராட்டியத்துச் சித்திரகதிகள் ராமாயண, மகாபாரதக் கதைகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருப்பார்கள். இரவில் விளக்கொளியில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கதை சொல்வார்கள். பெரிய கண், பக்கவாட்டு முகம், விறைத்த நடை ஆகியவற்றில் தோற்பாவையின் சாயல் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் பைட்டண் பாணிப் படங்களைப் புணேயின் ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகத்தில் காணலாம். சிந்துதுர்க் மாவட்டப் பிங்குளியில் தாக்கர் சமூகத்தார் இக்கலையைக் காத்துவருகிறார்கள்.

நெசவாளர்களுக்குத் தனிப் புராணம்

தெலங்கானாவின் நகாஷி ஓவியர்கள் ஒவ்வொரு சமூகத்துக்கும் அதன் குலக்கதையைச் சுருளில் வரைந்தார்கள். பத்மசாலி நெசவாளர்களுக்குப் பாவனா ரிஷியின் கதை. அதைப் பாடிக் காட்டுவதற்கென்றே தனிக் கலைஞர்கள். எந்தக் கதையானாலும் மேலே முதலில் பிள்ளையார். செரியால் ஊரில் சில குடும்பங்கள் இன்றும் சிவப்புப் பின்னணியில் இந்தச் சுருள்களை வரைகின்றன.

காளஹஸ்தியின் ராமர் பட்டாபிஷேகம்

ஸ்ரீகாளஹஸ்தியில் மூங்கில் எழுதுகோலால் துணியில் ராமாயணம் வரைந்தார்கள். நடுவில் பட்டாபிஷேகம், சுற்றிலும் வரிசை வரிசையாகக் கதை, மேலே தெலுங்கில் விளக்கம். கடுக்காயும் பாலும் தோய்த்த துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் பட்ட இடமெல்லாம் கறுக்கும். தெய்வங்களுக்கு நீலம், பெண்களுக்கு மஞ்சள், அரக்கர்களுக்குச் சிவப்பு என்பது மரபு. சென்னை மாகாணத்தின் இந்தத் தொழில்முறைகளை டபிள்யூ. எஸ். ஹாடவே 1917-ல் நூலாக்கினார். தமிழகத்தின் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயில் தொம்பைகளுக்கும் திரைகளுக்கும் இந்த வகை வேலை உண்டு.

தஞ்சையில் வெளுத்த கண்ணன்

தஞ்சாவூர் பலகைப் படங்கள் இரண்டாம் சரபோஜி (1798–1832), அவர் மகன் சிவாஜி ஆகியோர் காலத்தில் செழித்தன. பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் தூளும் கோந்தும் பூசி, நகையும் தூணும் வரும் இடங்களைப் புடைப்பாக எழுப்பி, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். தஞ்சை, திருச்சியில் ராஜுக்களும் மதுரையில் நாயுடுகளும் இதில் பேர்பெற்றவர்கள். வெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்த கொழுகொழுக் கண்ணன் பல படங்களில் நீலமாக அல்ல, வெளிர் நிறத்தில் இருப்பான். 1855-ல் அரசு ஆங்கிலேயர் வசமாகி அரண்மனை ஆதரவு நின்றபோது, வணிகர் வீடுகளும் பஜனை மடங்களும் இந்த ஓவியர்களைக் கைவிடவில்லை.

கடைசியில் வைப்பதை முதலில்

கண்ணாடிப் படத்தில் ஓவியர் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். நாம் பார்க்கும் பக்கத்தில் வண்ணமே இல்லை. வண்ணம் கண்ணாடியின் பின்புறத்தில். பலகையில் கடைசியாக வைக்கும் கண்மணியையும் மூக்குத்தியையும் இங்கே முதலில் வைக்க வேண்டும். பிறகு முகம், பிறகு உடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. இடம் வலமாகும், வலம் இடமாகும். ஒரு கோடு தவறினால் மேலே பூசி மறைக்க முடியாது. சீனத்திலிருந்து வந்த இந்த உத்தியைத் தஞ்சை ஓவியர்கள் ராமர் பட்டாபிஷேகத்துக்கும் கண்ணனுக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள்.

மரத்தில் செதுக்கிய தேவி

படங்களோடு வந்த முதல் வங்காள அச்சுநூல் 1816-ன் அன்னதாமங்கலம். கங்காகிஷோர் பட்டாச்சாரியா வெளியிட்டார். ராம்சந்த் ராய் படங்களைச் செதுக்கினார். பின்னர் வட கல்கத்தாவின் பட்டலா வட்டாரத்தில் மரச்செதுக்கு அச்சுப் படங்கள் பெருகின. கறுப்புக் கோட்டை அச்சிட்டு, வண்ணத்தைக் கையால் பூசினார்கள். காளிகாட்டுக்கு முதல் போட்டி வெளியூரிலிருந்து வரவில்லை, அதே நகரத்திலிருந்தே வந்தது.

1878: கல்கத்தாவும் புணேயும்

1878 என்ற ஒரே ஆண்டில் அன்னதா பிரசாத் பாக்சியும் அவர் மாணவர்களும் கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவையும், விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கர் புணேயில் சித்திரசாலை அச்சகத்தையும் தொடங்கினார்கள். கல் அச்சில் தெய்வப் படங்கள் வெளிவந்தன. 1894-ல் ராஜா ரவி வர்மா பம்பாயில் ஜெர்மன் எந்திரங்களோடு அச்சகம் நிறுவினார். படங்களை வண்ண அச்சில் பரப்பும் யோசனையை அவருக்குச் சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவ ராவ். ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகள் வரை வந்தார்கள். அங்கே அச்சுப் படத்தின் மேல் துணிப்புடவையும் ஜரிகையும் ஜிகினாவும் தைத்துச் சட்டமிடும் வழக்கமும் இருந்தது.

அச்சு வந்தது, தூரிகை நின்றது

ஜெர்மனியில் அச்சான வண்ணப் படங்கள் கையால் வரைந்ததைவிட மலிவாகக் காளிகாட் கடைகளுக்கே வந்தன. அவை மழமழப்பாக இருந்தன. ஒன்றுபோல் ஆயிரம் கிடைத்தன. பட்டுவாக்களால் அந்த விலைக்கு இறங்க முடியவில்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். பக்தி குறையவில்லை, கலை பிடிக்காமல் போகவில்லை. ஒரு படத்துக்குக் கிடைத்த கூலியில் குடும்பம் நடக்கவில்லை. இன்றைக்கும் கைத்தொழில் எதுவும் அழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

நிலநடுக்கம் காட்டிய சுவர்கள்

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. சேதம் பார்க்கப் போன ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், மதுபனி வட்டாரத்தின் இடிந்த வீடுகளில் மணமக்கள் அறைச் சுவர்களைக் கண்டார். வீட்டுப் பெண்கள் தலைமுறைகளாக அங்கே வரைந்திருந்த தெய்வங்களும் தாமரையும் மூங்கிலும் வெளியுலகின் கண்ணில் பட்டன. 1949-ல் மார்க் இதழில் அவர் எழுதியபின் மிதிலை ஓவியம் உலகறிந்தது. 1953-ல் கல்கத்தாக் கடைத்தெரு ஓவியங்களைப் பற்றி நூல் எழுதியவரும் இதே ஆர்ச்சர்தான்.

தபால் நிலையத்திலிருந்து ஒரு பட்டுவா

காளிகாட் பாணி முற்றிலும் மறைந்துவிடவில்லை. பட்டுவா குடும்பத்தில் பிறந்து தபால் துறையில் பணியாற்றிய கலாம் பட்டுவா, பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோட்டைத் தானே பயின்று மீட்டெடுத்தார். அவருடைய படங்களில் இன்றைய வீடு, இன்றைய தெரு, இன்றைய செய்தி எல்லாம் வருகின்றன. முன்னோர்கள் கார்த்திகேயனுக்கு ஷூ மாட்டியதும் இதே துணிச்சலில்தான்.

உங்கள் வீட்டில் இருக்கிறதா?

பாட்டி வீட்டுப் பூஜை அறையிலோ பரணிலோ பழைய கண்ணாடிப் படமோ பலகைப் படமோ இருந்தால், சில காரியங்களைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடிப் படத்தின் பின்புறத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வண்ணம் அங்கேதான் இருக்கிறது, துணியோடு வந்துவிடும். உதிரும் இடத்தில் கடையில் வாங்கிய பெயின்டைத் தீட்டாதீர்கள். ஈரம் ஏறும் சுவரிலும் நேர் வெயில் படும் இடத்திலும் மாட்டாதீர்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பழம்பொருள் பாதுகாப்புக்கென ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் இயங்கிவருகிறது; படத்தில் கைவைக்கும் முன் அத்தகைய வல்லுநர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். படம் யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, யார் காலத்தில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். வரைந்தவர் பெயர் யாருக்காவது நினைவிருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். நம் வீடுகளுக்குத் தெய்வத்தைக் கொண்டுவந்த அந்தக் கைகளில் ஒன்றுக்காவது பெயர் மீளட்டும்.